பள்ளத்தாக்கை விட்டுப் போகாத கடிதங்கள்

ஹா-லெபோனா ஊர் நூலகத்தின் தலைமை நூலகர் ம்மே மாநேயோ மொக்கெத்தி அவர்கள் பணி நிறைவு பெறும் நாளில், உடன் பணியாற்றியோர் அன்புடன் படித்தளிக்கும் மடல்

மலை சூழ்ந்த மண்ணின் மகளே! மங்கிய மையை மறுபடி பேசவைத்த மாண்பே! படிவங்களை நிரப்பியும் படிவங்களுக்குப் பணியாத பண்பே! தாய் என்ற பொருளில் 'ம்மே' என்று நாங்கள் அழைக்கும் எங்கள் அன்புத் தாயே, ம்மே மாநேயோ!

நீங்கள் நலமா? வீட்டில் எல்லோரும் நலமா? உங்கள் இடது முழங்கால் நலமா? இவற்றைக் கேட்காமல் மடலைத் தொடங்கினால், படிப்பவரைப் பாதியில் நிறுத்தி நீங்களே எழுந்து திருத்துவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் முதலில் கேட்டுவிட்டோம். நாங்கள் நலம். கூரை நலம். கடிதங்கள் நலம்.

இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் இங்கே வந்தபோது, தபால் அலுவலகத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் நூலகம். தகரக் கூரை. பள்ளிப் புத்தகங்கள் இரண்டு அலமாரி. மழை வந்தால் சுவரோரம் ஒழுகும், அலமாரிகளை நடு அறைக்குத் தள்ள வேண்டும்; பனி உருகினால் நடுவில் ஒழுகும், மறுபடி சுவரோரம் தள்ள வேண்டும். அந்தத் தள்ளுகிற வேலைக்குத்தான் செலிசோ ஐயாவைக் காவலராக எடுத்தார்கள் என்று இன்றுவரை அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கத்தில் உழைத்து நெஞ்சு கெட்டுத் திரும்பிய ஆண்களின் மனைவிமார், இழப்பீட்டுப் படிவம் நிரப்ப வியாழக்கிழமைதோறும் உங்களிடம் வந்தார்கள். கணவன் சுரங்கத்தில் வேலை பார்த்ததற்குச் சான்று எங்கே என்று படிவம் கேட்டது. அவர்களிடம் சான்று என்று எதுவும் இல்லை, கடிதங்கள்தான் இருந்தன. உறையின் பின்பக்கம் சுரங்கத்தின் பெயரும் ஆளின் எண்ணும் இருப்பதை முதலில் கவனித்தவர் நீங்கள். சான்றுக்காகக் கொண்டுவந்த கடிதத்தைத் திரும்ப எடுத்துப்போக விடாமல், அதைக் கறையான் தின்னும் என்று எடுத்துச் சொல்லி, இங்கேயே வைத்துக்காக்க அனுமதி கேட்டவரும் நீங்கள்தான்.

சோளமாவுச் சாக்கில் தன் கடிதங்களைச் சுற்றி எடுத்துவந்த ம்மே மாசெலோமோ, அந்தச் சாக்கை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்ற நாள் எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

"என் புருஷன் எழுதினது. இதுல என்னை நாலு இடத்துல வஞ்சிருக்கான். யாரும் படிச்சுட்டுச் சிரிக்கக்கூடாது."

"சிரிக்க மாட்டோம்."

"தலைநகரத்துக்காரங்க வந்து வண்டியில ஏத்திட்டுப் போயிட்டா? என் மானம் அங்கே போயி சந்தி சிரிக்கணுமா?"

"இந்தக் கடிதாசி இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போகாது, ம்மே. நான் சொல்றேன்."

அவர் கையை எடுத்தார். அந்த ஒரு வாக்கியத்தை, அன்றிலிருந்து கடிதம் தந்த ஒவ்வொருவரிடமும் நீங்கள் சொன்னீர்கள். ரசீதில் அது அச்சாகவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஆனால் ஆறாயிரத்து இருநூறு கடிதங்கள் அந்த வாக்கியத்தை நம்பித்தான் இந்த அறைக்குள் வந்தன.

வாக்குத் தவறா வாய்மையே! வாக்கைக் காக்கக் கூரை வேண்டும், பெட்டி வேண்டும், பூசணம் பிடிக்காத காற்று வேண்டும். இவற்றுக்கெல்லாம் அறக்கட்டளைகள் தரும் பண உதவியாகிய நல்கை வேண்டும். நல்கைக்கு விண்ணப்பம் வேண்டும். உங்கள் முதல் விண்ணப்பத்தைப் பற்றி இந்த அவையில் பேசலாமா என்று யோசித்தோம். எங்கள் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பொக்காங், பேசியே தீரவேண்டும் என்றான். ஆகவே பேசுகிறோம்.

கடல் கடந்த அறக்கட்டளையின் படிவத்தில் முதல் கேள்வி: 'உங்கள் சேகரிப்பின் தற்போதைய நிலை என்ன? நூற்றைம்பது சொற்களுக்குள்.' அந்நியர் ஒருவர் முதன்முதலாக விசாரிக்கும்போது வீட்டுக் குறையை எடுத்துவைப்பது நம் ஊரில் வழக்கமில்லை. நீங்களும் வைக்கவில்லை. நூற்றைம்பது சொற்களில் தொண்ணூறு, அறக்கட்டளையின் தலைவர், அவர் குடும்பம், அவர் நாட்டின் மழை ஆகியவற்றின் நலம் விசாரித்தே தீர்ந்தன. மிச்சத்தில், 'கடிதங்கள் நலமாக உள்ளன, நாங்களும் நலம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினீர்கள். அன்று அறைக்குள் ஏழு வாளிகள் ஒழுகலுக்கு வைக்கப்பட்டிருந்தன.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் சேகரிப்பு நல்ல நிலையில் இருப்பதறிந்து மகிழ்கிறோம், ஆபத்தில் உள்ளவற்றுக்கே எங்கள் உதவி என்று.

பொக்காங் தலையில் கைவைத்துக்கொண்டான். "ம்மே, வீடு பத்தி எரியுதுன்னு தீயணைப்பு ஆளுங்களுக்கு போன் போட்டு, சௌக்கியமா இருக்கீங்களான்னு கேட்டுட்டு வச்சுட்டீங்களே!"

"கேக்காம எப்படிடா வைக்கிறது?" என்றீர்கள் நீங்கள். முகத்தில் சிரிப்பில்லை. உண்மையாகவே கேட்டீர்கள்.

அடுத்த ஆண்டு, விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைத் தலைநகரிலிருந்து மாவட்ட அலுவலகம் அனுப்பிவைத்தது. இரண்டே நாளில் பதினான்கு பக்கம் எழுதினார். அழிவின் விளிம்பு, அறியாமை இருள், கதறும் காகிதங்கள் என்று ஒவ்வொரு பக்கமும் கண்ணீரில் நனைந்திருந்தது. நீங்கள் அதை எடுத்துப்போய், வியாழக்கிழமை கூடிய கடிதக்காரப் பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினீர்கள். அவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமைதியாகக் கேட்டார்கள். முடிந்ததும் ம்மே மாசெலோமோ மெதுவாகக் கேட்டார்:

"யார் வீட்டுச் சாவு இது?"

"நம்ம லைப்ரரிதான்."

"அய்யோ! எப்போ செத்துச்சு? எனக்கு யாரும் சொல்லியனுப்பவே இல்லையே!"

அறையே குலுங்கியது. எழுதிய ஐயாவும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் பாவம். நீங்கள் அவருக்கு ஒரு கிண்ணம் மொதோஹோ கூழ் கொடுத்து உட்காரவைத்து, படிவத்தை மடித்து அவர் கையிலேயே தந்தீர்கள். "நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஐயா. ஆனா இந்தக் கடிதாசிக்குச் சொந்தக்காரங்க இன்னும் உயிரோட இருக்காங்க. அவங்க முன்னாடி படிக்க முடியாததுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்." அந்த ஆண்டும் நல்கை இல்லை. வாளிகள் ஒன்பதாயின.

மூன்றாவது முறை நீங்கள் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. கடிதங்களிடம் கேட்டீர்கள். ஒரு வாரம் அவற்றையே படித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் தேநீர் நேரத்தில், அறுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு கடிதத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினீர்கள். ஊரிலிருந்து சுரங்கத்துக்கு ஒரு மனைவி எழுதி, கணவன் திரும்பும்போது கூடவே கொண்டுவந்தது. 'நாங்கள் சுகம். மாடுகள் சுகம். உங்கள் அம்மா சுகம். மற்றபடி செய்தி என்னவென்றால், செவ்வாய்க்கிழமைக் காற்றில் வீட்டுக் கூரை பறந்துவிட்டது.'

"பாத்தீங்களா?" என்றீர்கள். "அவ பொய்யும் சொல்லலே, ஒப்பாரியும் வைக்கலே. 'மற்றபடி'க்கு அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டா. நான் முதல் தடவை 'மற்றபடி' போட மறந்துட்டேன். அவ்வளவுதான் தப்பு."

அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். 'கடிதங்கள் நலம். மற்றபடி செய்தி என்னவென்றால், அறுநூற்றுப் பன்னிரண்டில் மை ஓடிவிட்டது. நாற்பதை வெள்ளிப்பூச்சி தின்றுவிட்டது. மேற்குச் சுவரில் பூசணம், என் தோள் உயரம். என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.' கண்ணீர் இல்லை, கதறல் இல்லை. அதை யார் முன்னால் வேண்டுமானாலும் படிக்கலாம். வியாழக்கிழமைப் பெண்கள் முன்னால் படித்தீர்கள். ம்மே மாசெலோமோ, "பூசணத்தைக் கொஞ்சம் கம்மியா சொல்றே" என்று மட்டும் திருத்தினார். அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்து, பூசணம் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். "காது வரைக்கும் வந்துடுச்சு" என்றீர்கள். ஆறு வாரத்தில் நல்கை வந்தது.

புதுக் கூரை வந்தது. அமிலமில்லாத அட்டை வந்தது. அதைப் பெட்டியாக மடிக்க, அதுவரை தரை கூட்டிக்கொண்டிருந்த லிந்த்லேயை மேசைக்கு அழைத்தீர்கள். படமெடுக்கும் கருவி வந்தது, அதைப் பொக்காங் மடியில் வைத்தே தூங்கினான். வாளிகள் செலிசோ ஐயாவின் கோழிகளுக்குப் போயின.

தனக்குக் கிடைத்த வழியைத் தரணிக்கும் காட்டிய தயையே! நல்கை கிடைத்ததும் நீங்கள் செய்த முதல் காரியம், வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியது. எந்த நாட்டு அறக்கட்டளை, எந்த வகைச் சேகரிப்புக்கு, எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை சொற்கள், எங்கே தவறு செய்வோம் என்று அத்தனையும் சுண்ணக்கட்டியால் எழுதுவீர்கள். அதைப் பிரதியெடுத்து, மலைப்பாதையில் ஓடும் சிற்றுந்து ஓட்டுநர்களிடம் கொடுத்து, மற்ற ஊர் நூலகங்களுக்கும் தேவாலயப் பதிவறைகளுக்கும் அனுப்புவீர்கள். ஓட்டுநர் மறந்தால் அடுத்த நாள் நிறுத்தத்திலேயே நின்று அவரைப் பிடிப்பீர்கள்.

"நமக்கே அடுத்த வருஷம் கிடைக்குமான்னு தெரியலே," என்று பொக்காங் முணுமுணுத்தான். "எதிராளிக்கெல்லாம் கைவிளக்கு பிடிக்கிறீங்க."

"எதிராளியா? புருஷன் எழுதினது இங்கே இருக்கு. பொண்டாட்டி எழுதின பதில் அவன் பிறந்த ஊர்ல, அவன் தம்பி வீட்டுப் பரண்ல இருக்கு. அந்த ஊர் லைப்ரரி கூரை ஒழுகினா, நம்ம கடிதாசியோட மறுபாதிதான்டா நனையுது!"

அடுத்த பிரதியைப் பொக்காங்கே ஓட்டுநரிடம் கொண்டுபோனான். இந்தப் பலகையைப் பார்த்து விண்ணப்பித்த பதினொரு நூலகங்களில் ஏழுக்கு இன்று கூரை ஒழுகுவதில்லை. அவர்களில் நான்கு பேர் இந்த விழாவுக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கைதட்டச் சொன்னால் தட்டுவார்கள்.

ம்மே, இனி எழுதப்போவது எங்களுக்குக் கடினமான பகுதி.

நல்கையின் இரண்டாம் கட்டத்துக்காக அறக்கட்டளையிலிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. தலைமை நூலகர் ஓய்வு பெறுகிறார் என்று அறிகிறோம், அவருக்குப்பின் பொறுப்பேற்பவரின் பெயரையும் தகுதியையும் மாத முடிவுக்குள் தெரிவிக்கவும், தகுதியானவர் இல்லாத நிலையில் சேகரிப்பைத் தலைநகரில் உள்ள பெரிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றினால்தான் உதவி தொடரும் என்று அதில் இருந்தது. காப்பகத்தார் நல்லவர்கள். அவர்களிடம் நிலத்தடி அறை உண்டு, குளிரூட்டி உண்டு. ஏற்றிச்செல்ல லாரியும் நாளும் ஏற்பாடு செய்து, அன்போடு தகவலும் அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒன்று மட்டும்தான் இல்லை. நீங்கள் கொடுத்த வாக்கு.

தேநீர் நேரத்தில் அந்தக் கடிதத்தை எங்களிடம் படித்துக் காட்டி, "யார் பேரை எழுதறது?" என்று கேட்டீர்கள்.

நாங்கள் நால்வரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தோம். ஒருவரிடமும் பட்டயம் இல்லை. ஒருவருக்கும் துணிவு இல்லை. கோப்பைகளை எல்லாம் வாங்கிப்போய் நீங்களே கழுவினீர்கள். இருபத்தேழு ஆண்டுகளில் நீங்கள் எங்களைத் திட்டிய எந்த நாளும் அந்தக் குழாய்ச் சத்தம்போல எங்களைச் சுட்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் முழங்காலைக் காட்ட மருத்துவமனைக்குப் போனீர்கள். அன்று நாங்கள் உங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தோம். படிவத்தை எடுத்தோம்.

பெயர் எழுத ஒரே ஒரு கோடுதான் இருந்தது. நால்வர் பெயரையும் பொடி எழுத்தில் எழுதலாம் என்றார் செலிசோ ஐயா. எங்களில் இளையவளான மொசா, "லிந்த்லே அக்கா பேரை எழுதுங்க" என்றாள். லிந்த்லே எழுந்து கதவுப்பக்கம் போய்விட்டாள்.

"என் பேரா? நான் எட்டாங்கிளாஸ். மூணு பிள்ளைக்கு அம்மா. துடைப்பத்தோட வந்தவ."

"துடைப்பத்தோட வந்தவதான் ஒரு மூலையும் விடாம பார்ப்பா," என்றார் செலிசோ ஐயா. "வந்து உக்காரு."

"டிப்ளமோன்னு போட்டுடலாமா?" என்று பொக்காங் கேட்டான். "அங்கேருந்து வந்தா பார்க்கப்போறாங்க?"

"பொய்ப் படிவம் இந்த வாசலைத் தாண்டினா, ம்மேயோட முழங்கால் வலி உன் தலையில இறங்கும்," என்றார் செலிசோ ஐயா.

ஆகவே உள்ளதை எழுதினோம். 'பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பு. பதினொரு ஆண்டுகளில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கடிதங்களைப் பிரித்து, தூசு நீக்கி, பெட்டியில் வைத்தவர். வேலையின்போது கிழிந்தவை இரண்டு. அவற்றின் எண்கள் கீழே.' அந்த இரண்டு எண்களையும் லிந்த்லேதான் சொன்னாள். குறிப்பேட்டைப் பார்க்காமலே சொன்னாள். சொல்லும்போது அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள்.

நீங்கள் சரிபார்க்காமல் இந்த நூலகத்திலிருந்து போன முதல் விண்ணப்பம் அது. எழுத்துப்பிழை ஏதும் இருந்தால் மன்னியுங்கள்.

நேற்று காலை லாரி வந்தது. அதே நேரத்தில், பொக்காங்கின் கணினியில் பதிலும் வந்தது. இரண்டு முறை படித்தான், மூன்றாம் முறை எங்களைப் படிக்கச் சொன்னான். லிந்த்லேயைப் பொறுப்பாளராக ஏற்றிருக்கிறார்கள். ஓராண்டுக்குள் ஆவணப் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும், அதை இங்கிருந்தபடியே படிக்கலாம். கிழிந்த இரண்டையும் மறைக்காமல் எழுதியவர்களிடம் மற்றவற்றையும் விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்ததாகக் கடைசி வரியில் எழுதியிருந்தது.

லாரி ஓட்டுநர் கோபப்பட்டார். "ஏழு மணி நேரம் மலையேறி வந்திருக்கேன். வெறும் வண்டியா திரும்பினா என்னை என்ன கேப்பாங்க?" எண்ணெயில் பொரித்த மாவுருண்டையான மக்கோயன்யா சூடாக ஒரு பொட்டலமும், காப்பகத்தாருக்கு நலம் விசாரித்து ஒரு கடிதமும் கொடுத்தோம். பொட்டலம் பாதி காலியானதும் கோபமும் பாதியானது. அவர் கொண்டுவந்த மரப்பெட்டிகள் வெறுமனே திரும்புவானேன் என்று செலிசோ ஐயா கேட்டார். ஓட்டுநர் தலைநகருக்குப் போன் போட்டார். காப்பகத்தார் சிரித்துவிட்டு, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்தப் பெட்டிகளைத்தான் நேற்று மாலை, உங்கள் தேநீர்க் கோப்பையை எடுக்க வந்தபோது, முகப்பில் அடுக்கியிருக்கப் பார்த்தீர்கள். கடிதங்கள் கிளம்பிவிட்டன என்று நினைத்தீர்கள். கோப்பையையும் எடுக்காமல் திரும்பி நடந்தீர்கள். செலிசோ ஐயா உங்கள் பின்னால் ஓடிவரப் பார்த்தார். இந்த அவையில், வியாழக்கிழமைப் பெண்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் நாங்கள்தான் அவர் கம்பளியைப் பிடித்து இழுத்தோம். அது தவறுதான் என்று இப்போது உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும். மன்னியுங்கள், ம்மே. ஒரு கடிதம்கூடக் கிளம்பவில்லை. மேல்மலையில் இதுவரை தர மறுத்திருந்த ஐந்து குடும்பங்கள், நம்மில் ஒருத்தி பொறுப்புக்கு வந்தாள் என்ற செய்தியை நேற்றே போனில் கேட்டு, வரும் வியாழக்கிழமை தங்கள் கடிதங்களைக் கொண்டுவருகிறார்கள். பெட்டிகள் அவர்களுக்காகத்தான்.

ஓய்விலும் ஒளிரப்போகும் உயர்வே! உங்கள் முழங்கால் நோவின்றி இந்தப் படிகளை இன்னும் நெடுங்காலம் ஏறட்டும்! உங்கள் கண்கள் கண்ணாடியின்றிப் பொடி எழுத்தையும் படிக்கட்டும்! குளிர்காலம் உங்கள் வீட்டைத் தொடாமல் கடக்கட்டும்! நல்லுடலோடும் நன்மனத்தோடும் நூறாண்டு கண்டு, எங்கள் படிவங்களில் பிழை கண்டுபிடித்துக்கொண்டே இருங்கள்!

கடைசியாக ஒன்று. உங்கள் கணவர் ஒன்பது ஆண்டுகள் சுரங்கத்தில் இருந்தார். அவர் எழுதியவை உங்கள் வீட்டில், தேயிலை டப்பாவில் இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியும். "பதிவு பண்றவளே தன்னோடதைப் பதிவு பண்ணிக்கக்கூடாது," என்று சொல்லி இத்தனை ஆண்டுகள் அவற்றைக் கொண்டுவராமலே இருந்துவிட்டீர்கள். நாளை முதல் அந்தத் தடை இல்லை. லிந்த்லே ஒரு பெட்டி மடித்து, பெயரை எழுதி, எண்ணை மட்டும் காலியாக விட்டுவைத்திருக்கிறாள். வியாழக்கிழமை காலை ஐந்து குடும்பங்களுக்கு அடுத்து ஆறாவதாக வரிசையில் வந்து நில்லுங்கள். டப்பாவை மேசைமேல் வையுங்கள். உடனே கையை எடுக்க வேண்டியதில்லை. லிந்த்லே அந்த வாக்கியத்தைச் சொல்லும்வரை காத்திருங்கள். சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

என்றும் உங்கள் அன்பில்,
செலிசோ, லிந்த்லே, பொக்காங், மொசா
ஹா-லெபோனா ஊர் நூலக ஊழியர்கள்